எங்க கத்துக்கிட்ட?

அப்பா 31 வருஷம் மதுரையில் ஒரு பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். வீட்டுக்கு யார் எந்த வேலைக்கு வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க கத்துக்கிட்ட?" அதில் குத்தல் இருக்காது. ஐடிஐ என்று பதில் வந்தால் எந்த ஊர் ஐடிஐ என்பார். பட்டறை என்றால் யார் பட்டறை என்பார். "சும்மா அப்படியே பழகினதுதான்" என்று சொன்னவர்களையும் திருப்பி அனுப்பியதில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதிப் பேர் அதிலேயே மிரண்டுவிடுவார்கள்.

2022 மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. 17 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மூக்கு வழியாக வயிற்றுக்குக் கஞ்சி போக ரைல்ஸ் டியூப், கட்டிலோரம் தொங்கும் யூரின் பேக், பழைய சர்க்கரை வியாதி, குழறும் நாக்கு. வார்டில் இருந்த சிஸ்டர், "வீட்ல ஒரு ஆள் போட்டுக்கங்க சார், உங்களால தனியா முடியாது" என்றார்.

ஏஜென்சிக்கு போன் போட்டேன். "அட்டெண்டர் வேணுமா, டிரெயின்டு அட்டெண்டர் வேணுமா, நர்ஸ் வேணுமா?" என்று கேட்டார்கள். மூன்றுக்கும் மூன்று ரேட். டிரெயின்டு என்றால் என்ன டிரெயினிங் என்று கேட்டேன். "எல்லாம் தெரியும் சார்." ஒத்துவரவில்லை என்றால் 48 மணி நேரத்தில் ரீப்ளேஸ்மென்ட். ஒரு மாத அட்வான்ஸ். டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். மிக்ஸி வாங்கும்போதுகூட நான் இதைவிடக் கூடுதலாகக் கேள்வி கேட்டிருப்பேன்.

முதலில் வந்தது 22 வயதுப் பையன். அப்பா படுத்தபடியே கேட்டார். மூக்கில் குழாயோடு, உதடு கோணிக்கொண்டு, ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் தெளிவாகவே வந்தது. பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஆபீஸ்ல ஒரு நாள் வீடியோ போட்டுக் காட்டுனாங்க தாத்தா."

நல்ல பையன், பலசாலி. அப்பாவை அநாயாசமாகத் தூக்கி உட்காரவைப்பான். எப்படித் தூக்குவான் என்றால், இரண்டு கையையும் பிடித்து இழுத்து. நாலாம் நாளிலிருந்து அப்பா இடது தோளைத் தொட்டாலே முனக ஆரம்பித்தார். வாரத்துக்கு இரண்டு முறை வரும் பிசியோதெரபிஸ்ட் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாராவது இந்தக் கையப் பிடிச்சு இழுக்கறீங்களா?" என்று கேட்டார். பக்கவாதம் வந்த கையில் தோள் மூட்டைப் பிடித்துவைத்திருக்கும் தசைகள் தளர்ந்துபோயிருக்கும். இழுத்தால் மூட்டு கிண்ணத்தை விட்டு இறங்கிவிடும். அந்தக் கையை இழுக்கக் கூடாது, அக்குளில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. பக்கவாத நோயாளியைத் தொடுகிற எவருக்கும் முதல் வகுப்பில் சொல்லவேண்டிய பாடம் இது. பையனுக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும்தான். ஒன்பதாம் நாள் அவன் கொரியர் வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்து வந்த பெண்ணுக்கு 28 வயது இருக்கலாம். அப்பா கேட்டதும் பையிலிருந்து லேமினேட் செய்த சான்றிதழை எடுத்துக் காட்டினார். நர்சிங் அசிஸ்டென்ட் டிப்ளமோ, ஆறு மாதம், கீழே ஒரு தனியார் நிறுவனத்தின் தங்கநிற முத்திரை. அம்மாவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி வந்தது. அன்று முதல் வீட்டில் அவர் பெயர் 'நர்ஸ்'. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அப்படித்தான் சொன்னோம். அவர் ஒரு தடவைகூடத் தன்னை நர்ஸ் என்று சொல்லிக்கொண்டதில்லை. இதை நான் கவனித்தது ரொம்பப் பின்னால்தான்.

வந்த அன்றே சொன்னார்: "மத்ததெல்லாம் பாத்துக்கறேன் சார். இன்சுலின் மட்டும் எனக்கு வேண்டாம். நீங்களோ அம்மாவோ போட்டுடுங்க." அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தாலே கை நடுங்கும். எனக்கு எட்டரைக்கு ஆபீஸ் வண்டி. "பேனா மாதிரிதாம்மா இருக்கும், அளவத் திருப்பி வச்சு அமுக்கினாப் போதும், டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுதான்" என்று அந்தப் பெண்ணுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். நான் எங்கே கற்றுக்கொண்டேன்? யூடியூபில். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து போட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழரைக்கு இன்சுலின் போட்டாயிற்று. அரை மணி நேரம் கழித்துக் குழாயில் கஞ்சி போக வேண்டும். அதற்கு முன் மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து ஊற்றியிருக்கிறார். ஒரு மாத்திரை சரியாகப் பொடியவில்லை, குழாய் அடைத்துக்கொண்டது. சிரிஞ்சில் தண்ணீர் வைத்து அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. எனக்கு மூன்று தடவை போன் செய்திருக்கிறார். நான் மீட்டிங்கில் இருந்தேன். அம்மாவிடம் கேட்டதற்கு, "அவன் வந்துரட்டுமே" என்றிருக்கிறாள். ஒன்பதே முக்காலுக்கு அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் பதில் இல்லை. அம்மா மறுபடி பக்கவாதம் என்று நினைத்து அலறியிருக்கிறாள். நான் வந்ததும் காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். மருத்துவமனையில் விரலில் குத்திப் பார்த்தார்கள். இன்சுலின் போயிருக்கிறது, கஞ்சி போகவில்லை. சர்க்கரை 46க்கு இறங்கியிருந்தது.

குளுக்கோஸ் ஏறி அப்பா கண்ணைத் திறந்த பிறகு டியூட்டி டாக்டர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், கேட்டார்: "ஊசி யார் போட்டது?"

"வீட்ல நர்ஸ் இருக்காங்க டாக்டர்."

"கவுன்சில்ல பதிவு பண்ணின நர்ஸா?"

எந்தக் கவுன்சில் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பெண் வெளியே வராண்டாவில் சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அன்று சாயங்காலம் பையைக் கட்டினார். ஏஜென்சிக்காரர்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள், "இனிமே அந்த ஸ்டாஃப வேற எங்கயும் அனுப்ப மாட்டோம் சார்." நான் "சரி" என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கும் பழிபோட ஓர் ஆள் தேவைப்பட்டது.

அதற்கப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன். டாக்டர் கேட்ட கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். 1926ஆம் வருஷத்துச் சட்டத்தில் தொடங்கியது. நர்ஸ் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் அங்கே பதிவு இருக்க வேண்டும். பதிவுக்கு வழி மூன்று: ஏஎன்எம் என்கிற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு வருஷம், ஜிஎன்எம் என்கிற செவிலியர் டிப்ளமோ மூன்று வருஷம், பிஎஸ்சி நர்சிங் நாலு வருஷம். ஆறு மாத டிப்ளமோ எத்தனை லேமினேட் செய்தாலும் அந்தப் பதிவேட்டில் ஏறாது. பாவம், அந்தப் பெண் அதற்குக் காசு கட்டிப் படித்திருந்தார்.

சரி, நர்ஸ் இல்லை. அப்படியானால் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கென்று தனியாக ஏதாவது தகுதி எழுதிவைத்திருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆச்சரியம். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டங்களுக்காக ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில் என்ற அமைப்பு ஒவ்வொரு வேலைக்கும் பாடத்திட்டம் வகுத்துவைத்திருக்கிறது. மருத்துவமனை வார்டு உதவியாளருக்கு 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்'. வீட்டில் வந்து பார்ப்பவருக்கு 'ஹோம் ஹெல்த் எய்டு'. குளிப்பாட்டுவது, பல் துலக்கிவிடுவது, ஊட்டுவது, மலஜலம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, கை கழுவுவது, தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது, வீட்டுக்காரர்களிடம் பேசுவது என்று எல்லாம் தனித்தனிப் பாடமாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை படித்தேன். உன் திறமைக்கும் உனக்குக் கொடுத்திருக்கிற அதிகாரத்துக்கும் உட்பட்டு வேலை செய் என்கிற பாடம் அது. அதாவது, எது உன் வேலை இல்லை என்று தெரிந்துவைத்திரு, தெரியாததைச் செய்யச் சொன்னால் செய்யாதே, யாரைக் கூப்பிட வேண்டுமோ கூப்பிடு. மாத்திரையை வேளைக்கு எடுத்துக் கொடுக்கலாம். ஊசி போடக் கூடாது. அளவை மாற்றக் கூடாது. குழாய் கழன்றால் திரும்பச் சொருகக் கூடாது.

அந்தப் பெண் முதல் நாள் என்னிடம் ஒப்பித்தது இந்தப் பாடத்தைத்தான். எங்கே கற்றாரோ தெரியாது. அதை நான் ஒரே நிமிஷத்தில் உடைத்துப் போட்டேன்.

பாடத்திட்டம் இருக்கிறது என்றேன். ஆனால் அது கட்டாயம் இல்லை. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும். வயரிங் காண்ட்ராக்ட் எடுக்க உரிமம் வேண்டும். ஹோட்டல் வைக்க உணவுப் பாதுகாப்புத் துறை பதிவு வேண்டும். என் அப்பாவின் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்ற எதுவும் வேண்டாம். 2019 டிசம்பரில் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களைப் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் வகுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மசோதா சட்டமாகவில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். இப்போது கூடித்தான் இருக்கும். ஏஜென்சி போர்டுகளும் கூடியிருக்கின்றன. எங்கள் பஸ் ரூட்டில் மட்டும் நான் ஏழு எண்ணினேன்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும்போது மட்டும் நமக்குத் தகுதி ஞாபகம் வந்துவிடுகிறது. இஸ்ரேலுக்கு 5,000 பராமரிப்பாளர்கள் வேண்டும் என்று 2024இல் இந்தியாவில் ஆள் எடுத்தபோது, பத்தாம் வகுப்பு, அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ், குறைந்தது 990 மணி நேரப் பணியிடப் பயிற்சி என்று கேட்டார்கள். அங்கே ஒரு தாத்தாவைக் குளிப்பாட்ட 990 மணி. உசிலம்பட்டி ரோட்டில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்ட ஒரு நாள் வீடியோ. அதற்காக வெளிநாடெல்லாம் சொர்க்கம் என்றும் சொல்லமுடியாது. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டில் பணம் பெறும் நிறுவனங்களின் ஹோம் ஹெல்த் எய்டுக்கு மத்திய விதிப்படி 75 மணி நேரப் பயிற்சி. அதில் 16 மணியாவது மேற்பார்வையில் நேரடியாகச் செய்து பார்க்க வேண்டும். அதே நாட்டில் கலிபோர்னியா மாநிலத்தில், மருத்துவம் சாராத உதவிக்கு வீட்டுக்கு வருபவருக்கு ஆரம்பப் பயிற்சி 5 மணி நேரம் போதும். ஆனால் கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி பார்த்தாக வேண்டும், காசநோய் இல்லை என்று காட்டியாக வேண்டும், மாநிலப் பதிவேட்டில் பெயர் இருந்தாக வேண்டும். மணிக்கணக்கைவிட இந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை. எங்கள் ஏஜென்சி என்னிடம் காட்டியது ஆதார் ஜெராக்ஸ் ஒன்று, அதில் முகமே தெரியவில்லை. வீட்டில் வேலைக்கு வருபவரைப் பற்றிய சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதை நானும் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவதாக வந்தவர் சேடபட்டிப் பக்கத்து அக்கா. 52 வயது. மஞ்சள் பை ஒன்று, கட்டைப் பை ஒன்று. கதவருகில் செருப்பை விட்டவர் நேரே கிணற்றடிக் குழாய்க்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பா கேட்டார்.

"எங்க மாமியாகிட்ட ஐயா."

அப்பாவுக்குப் புரியவில்லை. அக்கா விளக்கினார். மாமியார் இடுப்பெலும்பு முறிந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்திருக்கிறார். முதல் ஆறு மாதம் முதுகில் புண் வந்து, மருமகளைத் திட்டாத திட்டில்லை. "அதுக்கப்பறம் எங்க கைய வச்சா வலிக்கும், எங்க வச்சா வலிக்காதுன்னு அவுகளே சொல்லிக்குடுத்தாக. அவுக போன பெறகு ஒரு ஆசுபத்திரில ஆறு வருசம் ஆயா வேல பாத்தேன்."

படித்தது ஐந்தாம் வகுப்பு. சான்றிதழ் எதுவும் கிடையாது.

அன்று மத்தியானம் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்ததை நான் பார்த்தேன். அம்மாவிடம் ஒரு பழைய வேட்டி கேட்டார். நாலாக மடித்து அப்பாவின் தோளிலிருந்து தொடை வரை அடியில் வருமாறு விரித்தார். அப்பாவின் இடது கையை எடுத்து, இழுக்கவில்லை, அடியில் உள்ளங்கை கொடுத்து ஏந்தி, வயிற்றின் மேல் வைத்தார். இடது முழங்காலை மடக்கிப் பாதத்தைப் படுக்கையில் ஊன்றவைத்தார். "ஐயா, இப்ப உங்கள வலப்பக்கமா திருப்பப் போறேன், செவுத்துல இருக்கற காலண்டரப் பாருங்க" என்றார். அப்பா தலையைத் திருப்பினார். அக்கா ஒரு கையை முழங்காலிலும் இன்னொன்றைத் தோள்பட்டையிலும் வைத்துத் தன் உடம்பைப் பின்னால் சாய்த்தார், அவ்வளவுதான். எழுபது கிலோ மனிதர் கதவு திறப்பதுபோலத் திரும்பிவிட்டார். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, விழுந்த கைக்கு முன்னால் ஒன்று. குதிகால் படுக்கையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார்.

அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவளுக்கு நெம்புகோல் தெரியுதுடா."

அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. எனக்கு இன்ஜினியரிங்கில் சீட் கிடைத்தபோதுகூட "ம்" என்றுதான் சொன்னார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்ப வேண்டும். அக்காவுக்கு அது சீரியல் கணக்கு. நாலு சீரியலுக்கு ஒரு புரட்டு. ராத்திரிக்கு அலாரம். கஞ்சி ஊற்றும் முன் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, ஊற்றி முடித்த பிறகும் ஒரு மணி நேரம் இறக்கவிடமாட்டார். மாத்திரையை அம்மியில் நுணுக்கி, டீ வடிகட்டியில் வடித்து, ஊற்றிய பிறகு சுத்தத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவார். இதைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்து வயிற்றைப் பிசைந்தது. ஒரு டீ வடிகட்டி. அவ்வளவுதான் வித்தியாசம். யூரின் பேக்கைப் படுக்கைக்கு மேலே தூக்கவே விடமாட்டார். வந்தவர்கள் யாராவது எட்டி நகர்த்தப் போனால், "கீழயே இருக்கட்டும், மேல போனா திரும்பி உள்ள போயிரும்" என்று அதட்டுவார். என் மாமா ஒருவர் இதில் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனார்.

இன்சுலினை நானே போட்டேன், ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு. ஆபீஸ் வண்டியைப் பிடிக்க ஐந்தரைக்கு எழுந்தேன். முடியாது என்று நான் சொன்ன காரியம் இவ்வளவுதான்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால், சான்றிதழ் எல்லாம் வெட்டி, அனுபவம் போதும், மாமியார் போதும் என்று ஆகிவிடும். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகஸ்டில் அப்பாவின் வால் எலும்புக்கு மேலே நாலணா அகலத்துக்குச் சிவந்திருந்தது. அக்கா தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணி அந்த இடத்தை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார், காலையும் மாலையும். காற்றடித்த ரப்பர் வளையம் ஒன்று வாங்கிவரச் சொன்னார், வாங்கிவந்தேன். நாலாம் நாள் சிவப்பு ஊதா நிறமானது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்பு நர்ஸ் அந்த வாரம் வந்திருந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள் என்றுதான் பலருக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்க நர்ஸும் பிசியோவும் வருவார்கள் என்று எனக்கே பக்கத்துத் தெருக்காரர் சொல்லித்தான் தெரியும். நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, சிவந்த இடத்தத் தேய்க்காதீங்க. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவுல சதை நசுங்கி, ரத்த ஓட்டம் இல்லாமத்தான் சிவக்குது. அதப் போய் மேல மேலத் தேச்சா உள்ளயே கிழியும். இந்த வளையமும் வேண்டாம், சுத்தி இருக்கற எடத்தையும் அமுக்கும்."

பிறகு அக்காவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துச் சிவப்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். எடுத்தார். "வெளுத்துட்டுத் திரும்பச் சிவந்தா இன்னும் நேரம் இருக்கு. வெளுக்காம அப்படியே சிவப்பா இருந்தா, புண்ணு ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே எங்களுக்குப் போன் பண்ணணும்." வெளுக்கவில்லை. எண்ணெய் நின்றது, வளையம் பரணுக்குப் போனது, ஏர் பெட் வந்தது. ஆறி முடிக்க ஏழு வாரம்.

நர்ஸ் போன பிறகு அக்கா வெகுநேரம் கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தார். போய்க் கேட்டேன். "ஆறு வருசம் ஆசுபத்திரில இருந்தேன் தம்பி. எத்தன சிஸ்டரு, எத்தன டாக்டரு. இத ஒருத்தர்கூடச் சொல்லலையே. எங்க மாமியாளுக்கும் தேச்சுத்தேச்சுத்தான் புண்ணாக்கியிருக்கேன்போல."

கையைப் பிடித்து விரலை வைத்துக் காட்டியதற்கு மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு தினமும் குளிப்பாட்டும்போது பின்மண்டை, தோள்பட்டை, வால் எலும்பு, இடுப்பு, குதிகால் என்று விரலை வைத்து அழுத்திப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. பயிற்சி என்று நான் இப்போது நம்புவது இதைத்தான். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், கை நோயாளியின் மேல் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மையை வைத்து எடுக்கும் வகுப்பும், ஆறு வருஷம் யாரும் திருத்தாத அனுபவமும் இதில் பாதிதான்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களை மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிற ஒரு வழி பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்திலேயே இருக்கிறது. 2015இல் தொடங்கிய திட்டம் அது. கொரோனா சமயத்தில், 2021 ஜூனில், வீட்டுப் பராமரிப்பு உட்பட ஆறு வேலைகளுக்கு ஒரு லட்சம் பேருக்கு அவசரப் பயிற்சி என்று அறிவித்ததும் அதன் கீழ்தான். அக்காவுக்கு ஒரு சான்றிதழ் இருந்தால் ஏஜென்சி இல்லாமலே நல்ல சம்பளம் கேட்கலாமே என்று நினைத்தேன். நாங்கள் மாதம் 26,000 கொடுத்தோம், அவர் கைக்குப் போனது 15,500. ஒரு பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். குறைந்தது எட்டாவது வேண்டும், பத்தாவது இருந்தால் நல்லது. ஐந்தாவது என்றதும் பேனாவை மூடிவைத்துவிட்டார்.

எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம், அரசுத் தேர்வுத்துறை நடத்துகிறது, வயது வரம்பு கீழேதான், மேலே இல்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது சொன்னேன். அக்கா கண்டக்டர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

"அப்ப நான் கணக்குப் பரீச்ச எழுதினாத்தேன் ஐயாவுக்கு டயாபர் மாத்தணுமா?"

படிப்பே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. அக்கா மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். மருந்துக்கடையில் வேறு கம்பெனி அட்டை மாற்றிக் கொடுத்த அன்று, இரண்டு வெள்ளை மாத்திரை ஒரே மாதிரி வந்து குழம்பிப் போனோம். நான் அட்டைகளில் மார்க்கரால் தமிழில் 'காலை', 'ராத்திரி', 'பிரஷர்' என்று எழுதிவைக்க ஆரம்பித்தேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார். ஆனால் யோசித்தால், அட்டையில் உள்ள அந்த ஆங்கிலப் பெயரை எட்டாம் வகுப்பு முடித்தவரும் சரியாகப் படித்துவிடுவாரா என்ன? பிரச்சினை அட்டையில் இருக்கிறதா அக்காவிடம் இருக்கிறதா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

2024 ஆடியில் அப்பா போனார். நிமோனியா. உடம்பில் ஒரு புண் இல்லை. குளிப்பாட்டியபோது பங்காளிகள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா கிளம்பினார். அம்மா புதுப்புடவை வைத்துக் கொடுத்தாள். அப்பாவின் வேட்டிகளில் இரண்டை அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார், கட்டிக்கொள்ள இல்லை, போகிற இடத்தில் நோயாளிக்கு அடியில் விரிக்க.

தைக்கு முன்னால் ஒரு நாள் போன் வந்தது. வேறு ஊரில் ஒரு பெரிய வீடு, அம்மா ஒருவருக்குப் பக்கவாதம். சாப்பாடு நன்றாக இருக்கிறது, ஏசி ரூம், ஒரு மாதம்தான் ஆகிறது. குரல் சரியில்லை.

"என்னக்கா?"

"இன்சுலின் போடச் சொல்றாக தம்பி. பேனா மாதிரிதான், சும்மா அமுக்குன்னாக. நான் மாட்டேன்னேன். அது என் வேல இல்ல, நர்ஸ் யாரையாச்சும் கூப்புடுங்க, இல்லாட்டி நீங்க கத்துக்கங்கன்னேன்."

"சரியாத்தான சொல்லியிருக்கீங்க."

"ஆமா. ஆபீசுக்குப் போன் பண்ணி வேற ஆள் கேட்டிருக்காகளாம். நாளைக்கு வருதாம், டிரெயினிங் முடிச்ச பொண்ணாம்."